பதினோரு மணி அசெம்பிளி

தாம்பரம் வட்டாரத்தில், மனைவியை விசிறியோடு வாசற்படியில் உட்கார வைத்துவிட்டுக் கடலுக்கு ஏ.சி. போட்ட மனிதர் ஒருவர்தான். இனி அப்படி ஒருவர் வரப்போவதில்லை. வந்தாலும் அவருக்கு அப்படி ஒரு மனைவி வாய்க்கப்போவதில்லை.

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து பிரிகிற எங்கள் தெருவில் அவருக்குக் கடல் சார் என்று பெயர். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்திருக்கும். கூரியர்காரர் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் முழுத்தெருவும் உதட்டைப் பிதுக்கும். ‘கடல் சார் வீடு’ என்று கேட்டால் தெரு நாய்கூட கூடவே வந்து விட்டுவிட்டுப் போகும்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவர் தொழில். முப்பது வருஷமாக ஒரே வசனம். “மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. விடுங்க.” இதில் மூன்றாவது வார்த்தையை அடிக்கடி மறந்துவிடுவார் என்பதுதான் அவரிடம் இருந்த ஒரே குறை. ஒருமுறை இருமலுக்காகப் போய் மாட்டிக்கொண்டேன். இழுக்கச் சொன்னார், இழுத்தேன். பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். படம் எடுத்து முடித்துவிட்டு வெளியே வந்தவர், “சார், நம்ம தொட்டியில இன்னிக்கு ஒரு நத்தை முட்டை வெச்சிருக்கு” என்று ஆரம்பித்தார். நத்தை எந்தப் பக்கக் கண்ணாடியில் ஏறியது, எத்தனை வரிசை வைத்தது எல்லாம் சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். கடைசியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன சார், நீங்க இன்னுமா பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க” என்றார்.

அவர் வீட்டு ஹாலில் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே கடல்தண்ணீர். கடலிலிருந்து கொண்டுவந்தது அல்ல. வடிகட்டிய தண்ணீரில் அதற்கென்றே விற்கிற உப்பைக் கலந்து அவரே செய்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் பெரிய டிரம்மில் பிளாஸ்டிக் துடுப்பால் கலக்க ஆரம்பித்துவிடுவார். புதிதாகக் குடிவந்தவர்கள் அவர் ஊறுகாய் வியாபாரம் செய்கிறார் என்றே நினைப்பார்கள்.

தொட்டிக்குள் பவளங்கள். பவளம் என்றால் கல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவர் வீட்டில்தான் அது உயிர் என்று தெரிந்தது. ஒன்று காளான் மாதிரி குடை விரித்து நிற்கும். இன்னொன்று காற்றே இல்லாத இடத்தில் நாணல் மாதிரி ஆடும். நடுப்பாறையில் சட்டைப் பொத்தான் அளவில் நூற்றுக்கணக்கான பச்சை வட்டங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். விளக்கு இல்லாதபோது அத்தனையும் கூம்பிக் கிடக்கும். காலை பதினோரு மணிக்கு நீல விளக்கு தானாக எரியும். அரைமணி நேரத்தில் ஒவ்வொன்றாக எழுந்து, முகம் விரித்து, ஒரே பக்கம் பார்த்து நிற்கும்.

“நம்ம கடல்ல ஒரு துண்டு உடைச்சு எடுத்தாலும் கம்பி எண்ணணும் சார். இதெல்லாம் தொட்டியிலயே பொறந்து தொட்டியிலயே வளந்த பிள்ளைங்க” என்பார்.

பிள்ளைகளுக்குச் சென்னை வெயில் ஆகாது. தண்ணீர் சூடேறினால் வெளுத்துவிடும். ஆகவே ஒரு மே மாதம், படுக்கையறையில் இருந்த ஏ.சி.யைக் கழற்றி ஹாலில் மாட்டினார். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தொட்டிக்கு மட்டும். ஃபேனுக்குக் கிடையாது. அந்த நேரங்களில் அவர் மனைவி ரோஸ்லின் டீச்சர் விசிறியோடு வாசற்படிக்கு வந்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ரிட்டையர் ஆனவர். குரல் மட்டும் ரிட்டையர் ஆகவில்லை.

“பாத்தீங்களா தம்பி. சக்களத்திக்கு ஏ.சி., எனக்கு விசிறி. கல்யாணத்துக்கு முன்னாடி இவரு மண்டைய ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்திருக்கணும்.”

“எடுத்திருந்தா நார்மல்னுதான் வந்திருக்கும்” என்று உள்ளிருந்து பதில் வரும்.

“ஆமா. உள்ள ஒண்ணும் இல்லைன்னா நார்மல்னுதானே எழுதுவீங்க.”

அந்தத் தொட்டியைப் பார்க்க வராதவர்கள் கிடையாது. கேம்ப் ரோட்டில் மீன் விற்கும் அக்கா ஒருநாள் கூடையை இறக்கிவிட்டு உள்ளே வந்தார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார். ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு குட்டி மீன்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

“இன்னா சார், இம்மாந்தண்டி தொட்டில ரெண்டே மீனு கீது. கொயம்புக்குக்கூட பத்தாதே” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். அடுத்த நாள் வந்து, ஐஸில் வைத்த சங்கராவில் இரண்டை இலவசமாகத் தர முன்வந்தார். சார் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தார்.

எதிர்வீட்டு அம்மா வந்தது வேறு விஷயத்துக்கு. பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம். ஜோசியர் பவள மோதிரம் போடச் சொல்லியிருக்கிறார்.

“நீங்கதான் இவ்வளவு வெச்சிருக்கீங்களே சார். ஒரு சின்னத் துண்டு போதும்.”

“அம்மா, இது உயிரோட இருக்கு. மோதிரத்துல வெச்சா ரெண்டு நாள்ல நாறிடும். மாப்பிள்ளை பக்கத்துலயே வரமாட்டாரு” என்றார் சார். அந்த அம்மா மூன்று மாதம் அவரோடு பேசவில்லை.

பள்ளிக்கரணையில் இருந்த மச்சினர் போன் போட்டு, “எங்க போர்ல வர்ற தண்ணியே உப்புதான் மச்சான். ரெண்டு லாரி அனுப்பட்டுமா” என்று கேட்டார். அவரோடு இவர் ஆறு மாதம் பேசவில்லை.

அந்த வீட்டுக்குள் நுழையச் சட்டதிட்டங்கள் உண்டு. பவுடர் போட்டுக்கொண்டு வரக்கூடாது. சென்ட் கூடாது. கொசுவர்த்தி, ஊதுபத்தி, மெழுகுவர்த்தி எதுவும் கூடாது. கண்ணாடியைத் தட்டக்கூடாது. கிறிஸ்துமஸுக்குப் பாட்டுப் பாட வருகிற கேரல் குழுவுக்குக்கூட வெளிகேட்டோடு சரி. டிரம் அடித்தால் பாறை அதிருமாம். “மெதுவா பாடுங்கப்பா, இயேசு பாலன் தூங்கட்டும்” என்பார். டீச்சர் கேக் தட்டோடு கேட்டுக்கு வந்து, “பாலன் எப்பவோ முழிச்சாச்சு. தூங்குறது அவரோட பவளம்தான். நீங்க சத்தமாப் பாடுங்க” என்பார்.

இவ்வளவு பேசிய டீச்சர் ஒருநாள் காலை பதினொன்றேகாலுக்குத் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்துவிட்டேன். எழுந்து நிற்கிற பச்சைப் பொத்தான்களை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “அசெம்பிளி தம்பி. அந்தக் கடைசி வரிசை இன்னும் எந்திரிக்கல” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இவருகிட்ட சொல்லாதீங்க” என்றார். தினமும் பதினோரு மணிக்கு அந்த நாற்காலி அங்கே வந்துவிடும் என்பதும், சாருக்கு அது வெகுநாளாகத் தெரியும் என்பதும் எனக்குப் பிறகு தெரிந்தது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசியில் டீச்சருக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆபரேஷனுக்கு வேலூர் போக வேண்டும். பதினைந்து நாளாவது ஆகும். சார் சாவியை எடுத்துக்கொண்டு என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். ஊரார் எக்ஸ்ரேயையெல்லாம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர், மனைவியின் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். விரிக்கவே இல்லை.

மீன்களுக்குத் தீனி போட ஒரு மெஷின் இருந்தது. நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். தொட்டியில் தினமும் நாலைந்து லிட்டர் ஆவியாகிவிடும். கண்ணாடியில் மார்க்கரால் போட்ட கோடு வரைக்கும், கேன்களில் அவர் வடிகட்டி வைத்திருக்கும் தண்ணீரை ஊற்ற வேண்டும். நல்ல தண்ணீர்தான், உப்பு சேர்க்கக்கூடாது.

“எல்லாரும் இதுலதான் கோட்டை விடுவாங்க. தண்ணிதான் சார் போகும். உப்பு எங்கயும் போகாது. உள்ளயே இருக்கும்.”

“கவலைய விடுங்க சார். நம்ம பிள்ளை மாதிரி பாத்துக்கிறேன்” என்றேன். அந்த வார்த்தையைத்தான் நான் சொல்லியிருக்கக் கூடாது. நம் பிள்ளைகளை நாம் எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்பது நமக்குத்தானே தெரியும்.

முதல் நாள் கேனைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. மனைவியிடம் சொன்னேன்.

“வடிகட்டின தண்ணில என்னங்க சத்து இருக்கும்? நாமளே செப்புக் குடத்துல ஊத்தி வெச்சுத்தானே குடிக்கிறோம். பாவம், வாயில்லா ஜீவன். டீச்சர் வேற முடியாம கிடக்காங்க” என்றாள்.

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் ஒரு பெரிய செப்புக்குடம் உண்டு. அதை நான் புளி போட்டுத் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கினேன். தினமும் சார் வீட்டுக் கேன் தண்ணீரைக் கொண்டுவந்து அதில் ஊற்றி வைப்பேன். மறுநாள் காலை அந்தச் சத்தான தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய்க் கோடு வரைக்கும் ஊற்றுவேன். சார் வந்ததும் சொல்லிப் பாராட்டு வாங்க வேண்டும் என்று அந்த ரகசியத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

பதினோரு மணிக்கு வேலூரிலிருந்து வீடியோ கால் வரும். கடையைப் பத்து நிமிஷம் சாத்திவிட்டு ஓடுவேன். போனைத் தொட்டி முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பேன். மூக்கில் டியூப்போடு டீச்சர் கேட்பார்.

“அசெம்பிளி ஆச்சா தம்பி?”

“ஆகிட்டிருக்கு டீச்சர்.”

“கடைசி வரிசையைக் காட்டுங்க.”

ஐந்தாவது நாள் நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழுந்து மல்லாந்து கிடந்தன. ஓய்வெடுக்கின்றன என்று நினைத்தேன். ஏழாவது நாள் காளான் குடையை மடக்கிக்கொண்டது. ஒன்பதாவது நாள் விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் ஆகியும் பச்சைப் பொத்தான்களில் பாதி எழவில்லை. மீன்கள் இரண்டும் ஜாலியாக ஓடிக்கொண்டிருந்ததால் எனக்குத் தைரியமாக இருந்தது. சத்து போதவில்லையோ என்று குடத்தை இன்னும் நன்றாகத் தேய்த்தேன்.

“என்ன தம்பி, இன்னிக்கு லீவு விட்டுட்டாங்களா?”

“மழை டீச்சர். இங்க ஒரே மழை” என்றேன். தொட்டிக்குள் மழைக்கு என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை.

பதினெட்டாம் நாள் வந்து சேர்ந்தார்கள். ஆட்டோவிலிருந்து டீச்சரை ஒரு கையால் தூக்கிவிடலாம் போல இருந்தது. திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள் என்று சார் என்னிடம் மட்டும் சொன்னார். ஒரு மாதம் என்று சொல்லியிருந்தார்கள். ஹாலில், தொட்டிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டார்கள்.

“கடைசியில எனக்கும் ஏ.சி. கிடைச்சிருச்சு தம்பி” என்றார் டீச்சர்.

பிறகு தலையைத் திருப்பித் தொட்டியைப் பார்த்தார். பாறை முழுக்கப் பழுப்பாகக் கூம்பிக் கிடந்தது. நாணல் கரைந்து தண்ணீரில் நூல்நூலாகத் தொங்கியது. கடைசி வரிசை இருந்த இடத்தைக் கண்ணால் தேடினார்.

சார் டார்ச் அடித்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார்.

“கேன் தண்ணிதானே ஊத்துனீங்க?”

நான் காத்திருந்த கேள்வி அது. “கேன் தண்ணிதான் சார். ஆனா அப்படியே ஊத்தல. நம்ம வீட்டுச் செப்புக்குடத்துல ராத்திரி பூரா வெச்சு, அப்புறமா ஊத்தினேன். குடத்தைப் புளி போட்டுத் தேய்ச்சேன் சார், ரெண்டு தடவை.”

சார் என்னையே பார்த்தார். எக்ஸ்ரே மெஷினுக்கு முன்னால் நிற்பவர் மாதிரி அவர் நெஞ்சு ஏறி, அப்படியே நின்றிருந்தது.

“நல்ல மனசு சார் உங்களுக்கு” என்றார்.

ஹாலிலிருந்து டீச்சர் குரல் மெலிசாக வந்தது. “என்னவாம், எதனாலயாம்?”

“கரண்ட் போயிருக்கு ரோஸி. ஏழு மணி நேரம். இன்வெர்ட்டர் தாங்கல.”

அந்தப் பதினெட்டு நாளில் கரண்ட் ஐந்து நிமிஷம்கூடப் போகவில்லை. நான்தானே இருந்தேன். மனுஷன் இருக்கிற கவலையில் குழம்பிவிட்டார் என்று நினைத்து, நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் செய்தது ஒரே வேலை. லீவு போட்டுவிட்டு, டீச்சருக்கு மருந்து கொடுக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் தண்ணீர் கலக்கினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்கிற துடுப்புச் சத்தம் தினமும் கேட்டது. பழைய தண்ணீரை வாளி வாளியாக எடுத்து வெளியே கொட்டினார். கரித்துண்டு நிரப்பிய பைகளைத் தொட்டிக்குள் போட்டு, மறுநாள் மாற்றினார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. தெருவெல்லாம் கணுக்கால் தண்ணீர். அதில் அவர் உப்புத்தண்ணீர் வாளியோடு போய்வந்துகொண்டிருந்தார். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரவேண்டிய காட்சி. யாரும் சிரிக்கவில்லை.

“பவளம் போனா வேற வாங்கிக்கலாமே சார்” என்றேன்.

“எல்லாம் வேணாம் சார். அசெம்பிளி ஒரு நாள் நடந்தாப் போதும். அவ பாக்கணும்” என்றார்.

மூன்று வாரம் அசெம்பிளி நடக்கவில்லை. தினமும் பதினோரு மணிக்கு நீல விளக்கு எரியும். டீச்சர் கண்ணைத் திறந்து அந்தப் பக்கம் பார்ப்பார். பிறகு மூடிக்கொள்வார். சார் அவர் தலைமாட்டில் நிற்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை. டீச்சருக்காக என் மனைவி கொடுத்த கஞ்சியோடு நான் போயிருந்தேன். விளக்கு எரிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. பாறையின் கடைசி வரிசையில் ஒரு பச்சைப் பொத்தான் மெதுவாக முகம் விரித்தது. பக்கத்தில் இன்னொன்று. சார் கட்டிலை லேசாகத் திருப்பினார். எண்ணி ஏழு எழுந்து நின்றன. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் நின்ற இடத்தில் ஏழு.

டீச்சர் விரலைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. கண்ணாலேயே எண்ணினார்.

“அட்டெண்டன்ஸ் கம்மிதான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “பரவாயில்ல. மழை நாள்தானே” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் போய்விட்டார்.

அன்று அந்த ஹாலுக்கு வந்தவர்களில் ஒருவர்கூடப் பவுடர் போட்டுக்கொள்ளவில்லை. மெழுகுவர்த்தியை வாசலிலேயே ஏற்றி வைத்தார்கள். எதிர்வீட்டு அம்மா, ஊதுபத்தி கொண்டுவந்த தன் சொந்தக்காரரை வழியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். மீன்கார அக்கா கூடை இல்லாமல் வந்து ஓரமாக நின்றார். கேரல் பாடுகிற குழுவினர் அடக்கப் பாட்டை வெளிகேட்டுக்கு அந்தப் பக்கம், மழையில், மெதுவாக ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தெருவுக்கே அந்த வீட்டுச் சட்டம் மனப்பாடம்.

சார் எழுந்து வாசலுக்கு வந்தார். “உள்ள வாங்கப்பா. உள்ள வந்து பாடுங்க. சத்தமாப் பாடுங்க” என்றார்.

பதினைந்து நாள் கழித்து அவருக்கு உப்பு வாங்கிவர நான் கொளத்தூர் மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் விசாரித்தார். “சார் தொட்டிக்கு என்னாச்சுண்ணா?”

“கரண்ட் போயிருச்சாம்.”

“யாரு சொன்னா? கரண்ட் போனா மொதல்ல மீன்தான்ணா சாகும். அவருக்கு மீன் உசுரோட கீது, நத்தை செத்துப்பூட்ச்சு. செம்பு பட்டாத்தான் அப்டி ஆவும். ஒரு சொட்டு எறங்குனாலும் பவளத்துக்கு வெசம். அவரே வந்து செம்பு டெஸ்ட் பண்ற மருந்து வாங்கிகினு போனாரே. உங்ககிட்ட சொல்லலியா?”

சொல்லவில்லை. என்னிடம் சொல்லவில்லை, டீச்சரிடம் சொல்லவில்லை, தெருவில் ஒருவரிடமும் சொல்லவில்லை. கொளத்தூரிலிருந்து உப்பு மூட்டையோடு எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. செப்புக்குடத்தைப் பரண்மேல் கவிழ்த்தேன். உப்பை அவர் வாசலில் வைத்துவிட்டு பெல் அடிக்காமல் திரும்பினேன். அதற்குப் பிறகு கடைக்குப் போவதற்குக்கூடப் பின்தெரு வழியாகச் சுற்றிப்போனேன். தண்ணீர் போனாலும் உப்பு போகாது என்பாரே, அதுமாதிரி எனக்குள் ஒன்று இறங்கித் தங்கிவிட்டது. அவர் வீட்டுத் துடுப்புச் சத்தம் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்கும்.

ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படி ஓடியது. போன கார்த்திகையில் ஒருநாள் சார் கடைக்கே வந்துவிட்டார். ஒரு கையில் சாவி. இன்னொரு கையில் புது நீலப் பிளாஸ்டிக் குடம்.

“டீச்சருக்கு வருஷ ஜெபம் சார். நாசரேத்துக்குப் போறேன். அவ சொந்த ஊரு. பத்து நாள் ஆகும். அசெம்பிளி இப்ப நாப்பதுக்கு வந்திருக்கு. கொஞ்சம் பாத்துக்கணும்.”

ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

“சார், அன்னிக்கு நான்தான்… அந்தக் குடத்தால…”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சுமா எங்கிட்ட குடுக்குறீங்க? தெருவுல வேற ஆளே இல்லையா?”

“செம்பு என்ன பண்ணும்னு இந்தத் தெருவுல தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான் சார். வேற யாரை நம்புறது” என்றார். சாவியை மேஜைமேல் வைத்து, குடத்தைப் பக்கத்தில் வைத்தார். இரண்டடி போனவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அந்த மனுஷன் முப்பது வருஷமாக மறந்துகொண்டிருந்த வார்த்தை அன்றைக்கு அவருக்கு ஞாபகம் வந்தது.

“மூச்சை விடுங்க சார்” என்றார்.

ஒரு வருஷம் கழித்து, அன்றைக்குத்தான் விட்டேன்.